கன்னி மூலையில் இறங்கியவள்

பேருந்தை விட்டு இறங்கியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறுத்தத்தின் எதிரே அண்ணியின் படம் போட்டு ஒரு பெரிய பிளக்ஸ் பேனர். பின்னால் மேகம், இரண்டு புறா, மூலையில் ஒரு தாமரை. எந்த ஜென்மத்திலும் அவள் உடுத்தியிராத ஒரு பட்டுப்புடவையைக் கம்ப்யூட்டரில் கட்டிவிட்டிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் ‘பொறுமையின் சிகரமே!’ என்று இருந்தது. அதற்கும் கீழே வருந்துகிறவர்களின் படங்கள். பாதிப் பேர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வருந்தினார்கள்.

நான் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு எழுத்துப்பிழை இருந்திருந்தால்கூட அதைச் சாக்காக வைத்துக் கிழித்துப் போட்டிருப்பேன். பிழையே இல்லை. யாரோ கவனமாகப் பார்த்து அடித்திருக்கிறார்கள். அந்தக் கவனம் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அண்ணியின் பதினாறாம் நாள் காரியத்துக்காகப் போயிருந்தேன். பாபநாசத்திலிருந்து உள்ளே போகிற சாலையில், ஆற்றைத் தாண்டி, வயலும் வாய்க்காலுமாக இருக்கிற ஊர். வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. போய் உட்கார்ந்ததிலிருந்து ஒரே பாட்டுதான். “கோவமே வராத மனுஷி.” “ஒரு சொல்லு அதிர்ந்து பேசுனது கெடையாது.” “பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மாவா சொன்னாங்க? பாரு, குத்தகை நெலம் அவங்களுக்கே சொந்தமாச்சு.”

கடைசியாக இதைச் சொன்னவரை நான் முறைத்த முறைப்பில் அவர் தம் இலையைத் தாமே மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

பொறுத்ததால் வந்ததாம் நிலம்! எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கூட நின்றவள் நான்.

எங்கள் அப்பா ஒரு மிராசுதாரின் பண்ணையில் ஆளாக இருந்தவர். முதுகு வளைந்த பிறகு அந்த மிராசே மனமிரங்கி ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தார். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். அப்பா போன பிறகு அண்ணன் அதை உழுதான். அதற்குள் ஆட்சி மாறிவிட்டது. மேடைக்கு மேடை ‘உழுதவனுக்கே நிலம்’ என்று முழங்கினார்கள். குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிந்துகொள்ளச் சட்டம் வந்தது. அண்ணனும் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து பதிந்துகொண்டு வந்தான். அன்றோடு மிராசின் மன இரக்கம் தீர்ந்தது. அவர் கும்பகோணத்தில் இருந்தார். ஊருக்கு வருவதே இல்லை. அவருக்குப் பதிலாக நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏஜெண்ட் இருந்தான். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. வெயிலிலும் அதை விரிக்க மாட்டான். அதை நீட்டி நீட்டிப் பேசுவதற்காகவே வைத்திருந்தான்.

சட்டப்படி அண்ணனை வெளியேற்ற முடியாது. ஆனால் சட்டத்துக்குள்ளேயே ஒரு பொந்து இருந்தது. எங்கள் பக்கத்தில் அதை ‘நூத்தி நாப்பத்தஞ்சு’ என்பார்கள். ஒரு நிலத்தின் பேரில் இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டால், அமைதி கெடுகிறது என்று சொல்லி அந்த நிலத்தில் யாருமே இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிடுவார்கள். விசாரணை முடிகிற வரை கதவடைப்பு. விசாரணை எப்போது முடியும் என்பது விசாரிக்கிறவருக்கே தெரியாது. மிராசுக்கு இருபது இடத்தில் நிலம். ஒன்று கிடந்தால் கிடக்கட்டும். எங்களுக்கு அது ஒன்றுதான். கதிர் முற்றிய நேரத்தில் உத்தரவு விழுந்தால் பயிர் நின்ற இடத்திலேயே உதிரும். குத்தகை நெல் அளக்க முடியாது. அளக்காதவன் குத்தகைக்காரனே இல்லை என்று அடுத்த தாவா வரும். ஆக, மிராசு தரப்புக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. எங்கள் ஆள் ஒரு அடி அடிக்க வேண்டும்.

இதை எங்கள் வீட்டில் முதலில் புரிந்துகொண்டவள் அண்ணி. சட்டம் படித்தல்ல, பட்டுத் தெரிந்துகொண்டாள்.

அவள் பிறந்த வீடு சீர்காழிப் பக்கம். அங்கேயும் குத்தகை, அங்கேயும் ஒரு ஏஜெண்ட். அவளுடைய அப்பாவைக் களத்துமேட்டில் வைத்துப் பேசக் கூடாததைப் பேசியிருக்கிறான். அவளுடைய அண்ணன் கையிலிருந்த மண்வெட்டியைத் திருப்பிக் காம்பால் போட்டுவிட்டார். “எங்கண்ணன் ஒரே ஒரு அடிதான் அடிச்சுது பாப்பா,” என்பாள். என்னை அவள் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள், நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த பிறகும். “அந்த ஒத்த அடிக்கு நெலம் போச்சு. வெளஞ்சு நின்ன பயிரு குருவிக்கும் மழைக்கும் போச்சு. எங்கப்பா தெனம் வரப்பு வரைக்கும் போய்ப் பாத்துட்டுத் திரும்பி வருவாரு. எறங்குனா கேஸு. முளைச்ச நெல்லப் பாத்தே படுத்துட்டாரு.” இதைச் சொல்லும்போது அழ மாட்டாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொல்வாள்.

அந்த வருடம் எங்கள் சம்பாப் பயிர் கண்ணுபடும்படி விளைந்திருந்தது. பொன்னி. குனிந்தால் ஆள் தெரியாத உயரம். தை பிறந்து கதிர் தலைசாய ஆரம்பித்ததும் ஏஜெண்டின் நடமாட்டமும் ஆரம்பித்தது.

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லவன், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். கயிறு சிக்கினால் கயிற்றோடு சண்டை போடுவான். நான் அவனுக்குத் தங்கை என்பதைக் கோபத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பயிற்சிப் பள்ளியில் எனக்கு மிளகாய் என்றுதான் பெயர். அப்படிப்பட்ட என்னை ஒருநாள் மாட்டுக்கொட்டகைக்குக் கூப்பிட்டு அண்ணி சொன்னாள்:

“பாப்பா, உனக்கு வேலைக்கு ஆர்டர் வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்க. அறுப்பு முடியுற மட்டும் உங்கண்ணன் பக்கத்துலயே இரு. வயலுக்குப் போனா வயலுக்கு, கடைத்தெருவுக்குப் போனா கடைத்தெருவுக்கு. அவரு கைய ஓங்குனா நாம தொலைஞ்சோம். இந்த வீட்டுல உனக்குத்தான் நெதானம் இருக்கு.”

எனக்கு நிதானம் இருப்பதாகச் சொன்ன முதல் ஆள் அண்ணிதான். கடைசி ஆளும் அவள்தான். நான் அப்படியே பூரித்துப்போனேன்.

“சரிங்க அண்ணி. எப்படிங்க அடக்குறது அவனை?”

“நீ ஒண்ணும் புத்தி சொல்லாத. புத்தி சொன்னா அவருக்கு இன்னும் ஏறும். வெத்தல மடிச்சுக் குடு. வாயில வெத்தல இருந்தா பேச்சு கொறையும், பேச்சு கொறஞ்சா கை தூங்கும்.”

அன்றிலிருந்து நான் அண்ணனின் நிழல். முந்தானையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா. ஊரே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன். பக்கத்தில் இருப்பது ஒரு வேலை என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. செய்து பார்த்தால் தெரியும். நாற்று நடுவதைவிட இடுப்பு ஒடிகிற வேலை அது. நடவிலாவது பக்கத்துப் பெண்ணுக்கு முடியாவிட்டால் அவள் பங்கையும் சேர்த்து நட்டுவிட்டு நகரலாம். இன்னொருவர் கோபத்தை அப்படிச் சேர்த்து நட முடியாது. அதுவும் நமக்கே உள்ளுக்குள் உலை கொதிக்கும்போது.

முதலில் மாட்டை விட்டார்கள். காலை வெயில் ஏறுகிற நேரம், பண்ணை மாடுகள் எங்கள் வயலுக்குள் நின்று கதிரை உருவிக்கொண்டிருந்தன. மேய்க்கிற ஆள் வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். நான் கீழே கிடந்த கழியைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அண்ணன் என் பக்கம் திரும்பி, “ஏ, பூமி உருண்டைன்னு சொல்லுவியே, சுத்துதுன்னும் சொல்லுற. அப்ப நாம ஏன் கீழ விழல?” என்று கேட்டான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாடு பயிரைத் தின்கிறது, இவன் புவியீர்ப்பு கேட்கிறான். கோபத்தில் மூளை பிசகிவிட்டதோ என்று பயந்தேன். பயத்தில் பாடம் நடத்தினேன். நடத்திக்கொண்டே ஒரு வெற்றிலையை மடித்து அவன் வாயில் வைத்தேன். இரண்டு பேருமாக மாடுகளை ஓட்டிக்கொண்டுபோய்ப் பஞ்சாயத்தின் மாட்டுப்பட்டியான பவுண்டில் அடைத்தோம். மாடு மேய்த்தவன் கூடவே வந்து எங்கள் வாயைப் பார்த்தான். நான் புவியீர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தேன்.

அடுத்தது தண்ணீர். முற்றின வயலை வடியவிட்டுக் காயப்போட வேண்டும். ஈரத்தில் கதிர் சாய்ந்தால் நெல் முளைவிட்டுவிடும். ஒருநாள் விடிந்து போய்ப் பார்த்தால், வாய்க்கால் மடையை வெட்டி வயலில் தண்ணீரை நிரப்பியிருந்தார்கள். வடிகால் பக்கம் மண்ணைப் போட்டு அடைத்துமிருந்தார்கள். அண்ணன் வரப்பில் நின்று பார்த்தான். அவன் தாடை அசைந்தது. நான் ஏஜெண்டின் வீட்டுக்கே போய் வாசலில் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று காலைத் தூக்கிவிட்டேன். அண்ணன் என் முழங்கையைப் பிடித்து, “வா, மொதல்ல தண்ணிய வடிக்கலாம். வெயில் எப்படி அடிக்குதுன்னு பாத்தியா? இந்தக் கடலுத் தண்ணி ஏன் உப்பா இருக்கு?” என்றான்.

சேற்றில் நின்று வடிகாலைத் தோண்டிக்கொண்டே ஆறு எப்படி மலையிலிருந்து உப்பை அடித்து வருகிறது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல ஏஜெண்டின் வீட்டுக்குக் கிளம்பியதே மறந்துவிட்டது. அவனுக்குப் படிப்பில் இவ்வளவு ஆசை என்று தெரியாமல் போய்விட்டதே என்றும் நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் கட்சியின் கிளைச் செயலாளர் வந்தார். தோளில் இரண்டு வர்ணக் கரை போட்ட துண்டு. “அமைதியா இருங்க. சட்டம் நம்ம பக்கம். அரசு நம்ம பக்கம். நீங்க மட்டும் அமைதியா இருந்தாப் போதும்,” என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு, நேரே போய் ஏஜெண்டின் வீட்டிலும் ஒரு காப்பி குடித்தார். அங்கே என்ன சொன்னாரோ. நிச்சயமாக ஏஜெண்டை அமைதியாக இருக்கச் சொல்லியிருக்க மாட்டார். அமைதி என்கிற சொல்லை எப்போதும் அடிபடுகிறவனிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். அடிக்கிறவனுக்கு அது தேவைப்படுவதே இல்லை. இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் எனக்கு இது ஆறவில்லை.

அறுப்பு நாள் வந்தது. அண்ணி நாள் குறித்தாள். தெருப் பெண்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஏஜெண்டுக்கும் சேதி போயிற்று. எங்கள் ஊரில் சேதி போகாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஒரு விஷயம் சொன்னால்தான் அன்று நடந்தது விளங்கும். எங்கள் பக்கத்தில் விதைப்பு, நடவு, அறுப்பு எதுவானாலும் சனி மூலையில்தான் தொடங்குவார்கள். வயலின் வடகிழக்கு மூலை. அங்கே சூடம் கொளுத்தி, முதல் பிடி அறுத்து, பிறகுதான் மற்ற இடத்தில் அரிவாள் வைப்பார்கள். மாற்றித் தொடங்கினால் களம் விளங்காது என்று நம்பிக்கை. மிராசிலிருந்து பண்ணையாள் வரை எல்லாருக்கும் அந்த நம்பிக்கை ஒன்றுதான். வேறு எதில் ஒற்றுமை இல்லாவிட்டாலும் சனி மூலையில் ஒற்றுமை.

நானும் அண்ணனும் சனி மூலைக்குப் போனபோது ஏஜெண்ட் எங்களுக்கு முன்னால் அங்கே நின்றான். கூட வெளியூர்க் கூலி ஆட்கள் ஒரு கூட்டம். அவ்வளவு பேரையும் அந்த ஒரு மூலையில் சுவர் மாதிரி நிறுத்தியிருந்தான். சற்றுத் தள்ளிச் சாலையில் ஒரு போலீஸ் ஜீப், அதில் ஒரு சப் இன்ஸ்பெக்டர். ‘இங்கே கலவரம் நடக்கப்போகிறது’ என்று முன்கூட்டியே சொல்லி அழைத்து வந்திருக்கிறான். நடக்கப்போவதை நடத்தப்போகிறவனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்!

“என்னடா, அரிவாளத் தூக்கிட்டு வந்துட்ட?” என்றான் ஏஜெண்ட்.

அந்த ‘டா’ அண்ணனின் காதில் விழுந்ததை அவன் கழுத்தில் பார்த்தேன். வெற்றிலையை நீட்டினேன். வாங்கி மென்றான்.

“உங்கப்பன் எங்க கொல்லையில கூழுக்கு நின்னவன். நீ என்னடான்னா பதிவு, கிதிவுன்னு பேசுற. எறங்குடா பாப்போம். ஆம்பளன்னா எறங்கு.”

அண்ணன் மென்றான். “ஏ, இந்த நெலநடுக்கோடுன்னு ஒண்ணு…” என்று ஆரம்பித்தான். குரல் கரகரத்தது.

ஏஜெண்ட் இவனிடம் பலிக்கவில்லை என்று கண்டு என் பக்கம் திரும்பினான். குடையை என் மார்புக்கு நேராக நீட்டி, நான் அண்ணனோடு நிழலாய் அலைவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவனுக்கு அச்சில் இடம் கொடுத்ததாகிவிடும். அந்த வார்த்தைக்குச் சாலையில் நின்றவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்தக் கணத்தில் நான் செய்தது அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தது. அரிவாள் இருந்த கை. இரும்பாகப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் தெரிந்தது, என் இன்னொரு மணிக்கட்டை அவன் பிடித்திருந்தான். அந்தக் கையில் நான் எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாமல் ஒரு மண்கட்டி இருந்தது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, அசையாமல், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். ஏஜெண்ட் கத்திக்கொண்டே இருந்தான். ஒன்று மாற்றி ஒன்று. அப்பா, அம்மா, பாட்டன், பூட்டன் எல்லாரும் வந்து போனார்கள். நாங்கள் தட்டாமாலை சுற்றப்போகிற பிள்ளைகள் மாதிரி கைகோத்து நின்றோம். என் நகம் பதிந்த தழும்பு அண்ணன் கையில் அந்த வருடம் முழுக்க இருந்தது.

கூட்டம் முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. எப்போது வெடிக்கும் என்று சப் இன்ஸ்பெக்டரும் ஜீப்பை விட்டு இறங்கிப் பார்த்தார்.

வெளியூர்க் கூலிக்காரர்களில் ஒரு வயசாளியின் பார்வை மட்டும் எங்களைத் தாண்டிப் போயிற்று. பார்த்தார். பக்கத்து ஆளை முழங்கையால் இடித்தார். அவனும் பார்த்தான். இரண்டு பேரும் தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடி எங்களையே பார்க்க ஆரம்பித்தார்கள். வாயைத் திறக்கவில்லை. அவர்களும் அரிவாள் பிடித்துப் பிழைக்கிறவர்கள்தானே.

ஏஜெண்ட் திரும்பிப் பார்க்கும்போது வயலில் பாதி தரையாகிவிட்டிருந்தது.

எதிர் மூலையில், தென்மேற்கில், கன்னி மூலையில் இறங்கியிருந்தார்கள். எந்த ஊரிலும் எவரும் தொடங்காத மூலை. காவலுக்கு ஒரு ஆள்கூட இல்லாத மூலை. மூங்கில் கொத்துக்குப் பின்னால் வாய்க்காலோடு வந்து, எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் குனிந்த தலை நிமிராமல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுத்த கதிர் அரி அரியாக, பிடி பிடியாகக் கிடந்தது. முன்னால் அண்ணி. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு சத்தம் இல்லை, ஒரு பேச்சு இல்லை. அரிவாள் சத்தம் மட்டும் கேட்டது.

“அடியே, எந்த மூலையில வந்து எறங்கியிருக்கீங்க! வெளங்குமாடி?” என்று ஏஜெண்ட் கூவினான். அவ்வளவு வஞ்சகம் செய்தவனுக்கு அந்த நேரத்தில் உண்மையாகவே அதிர்ச்சியாக இருந்தது சாஸ்திரம் மீறியதுதான்.

அவன் சப் இன்ஸ்பெக்டரிடம் ஓடினான். அவர் வயலைப் பார்த்தார், கைகோத்து நின்ற எங்களைப் பார்த்தார். “குத்தகைக்காரன் பொண்டாட்டி குத்தகை நெலத்துல அறுக்குது. இவன் தங்கச்சி கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான். இதுல கலவரம் எங்கய்யா?” என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். நல்லவர் என்று சொல்ல வரவில்லை. வெயில் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

நெல் களத்துக்கு வந்தது. குத்தகையைச் சாட்சி வைத்து அளந்தோம். அடுத்த வருடமும் அளந்தோம். பிறகு மிராசு குடும்பம் சென்னைக்குப் போனபோது நிலத்தை விற்க வேண்டி வந்தது. குத்தகைக்காரன் இருக்கிற நிலத்தை வெளியார் எவரும் வாங்க வரவில்லை. எங்களுக்கே கிரயமாயிற்று. பொறுத்ததால் அல்ல. கன்னி மூலையில் இறங்கியதால்.

அறுப்பு நடந்த அன்று சாயங்காலம் களத்தில் மாடு கட்டிப் போரடிக்கும்போதுதான் குட்டு உடைந்தது. நான் பெருமையாகச் சொன்னேன்: “அண்ணே, நான் மட்டும் உன் கையப் புடிக்கலன்னா இன்னைக்கு நீ வெட்டியிருப்ப.”

“நானா? உன்னப் புடிச்சது நான்டி. ‘ஒங்க தங்கச்சி கூடவே வருவா, அவ ஏதாவது எடக்குமடக்கா பண்ணிட்டா நாம தொலைஞ்சோம், அவள அடக்குற பொறுப்பு ஒங்களோடது’ன்னு ஒங்கண்ணிதான் சொல்லுச்சு. ‘கோவம் வர்ற மாதிரி இருந்தா பாடத்துல ஏதாவது கேளுங்க, ஆறிடுவா’ன்னுச்சு. எனக்கு எதுக்குடி நெலநடுக்கோடு?”

இரண்டு பேரும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தோம். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லி, இரண்டு கொள்ளிக்கட்டைகளை ஒன்றுக்கொன்று காவல் வைத்தது மட்டுமல்ல, எங்களைச் சனி மூலையில் கூத்துப் பொம்மையாக நிறுத்தி ஊர்க் கண்ணை அங்கே கட்டிவிட்டு வேலையை முடித்திருக்கிறாள். அண்ணன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. தாம்புக் கயிற்றைப் போட்டுவிட்டு அவளிடம் போனேன்.

“எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுல்லங்க அண்ணி? அந்த ஆளு அப்படிப் பேசினப்ப நான் எப்படி நின்னேன் தெரியுமா? உங்களுக்கென்ன, உங்களுக்குக் கோவமே வராது.”

அண்ணி நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை உருவி என் முன்னால் விரித்தாள். கஞ்சி போட்டு மடித்து வைத்து, அறுப்புக்கென்று எடுத்துக் கட்டிய நல்ல சேலை. முந்தானை ஓரம் முழுக்கப் பல் பட்டு நைந்து, சல்லடைக் கண்ணாக இருந்தது. இரண்டு இடத்தில் ரத்தக்கறை. அவன் பேசியது அத்தனையும் கன்னி மூலைக்குக் கேட்டிருக்கிறது. வயலில் சத்தம் தடையில்லாமல் போகும்.

“அவன் ஒன்னச் சொன்னப்ப, அரிவாளோட நேரா வந்துடலாம்னுதான் நிமிந்தேன் பாப்பா,” என்றாள். “அதான் இதை வாயில அடைச்சிக்கிட்டேன். ஒனக்கு ஒங்கண்ணன் இருந்தாரு, அவருக்கு நீ இருந்த. என் கையப் புடிக்க அங்க யாரு இருந்தா?”

அவள் குரல் உயரவில்லை. அதன் பிறகு, அந்த முந்தானைக்குள் போனதையெல்லாம் எனக்குச் சொன்னாள். ஏஜெண்டுக்குச் சொல்ல வேண்டியது, மிராசுக்குச் சொல்ல வேண்டியது, காப்பி குடித்துவிட்டுப் போனவருக்கு, சீர்காழியில் தன் அப்பாவைப் பேசியவனுக்கு, எல்லாம். நெல் தூசியில் நின்றுகொண்டு இருட்டுகிற வரை சொன்னாள். அப்படிப்பட்ட வசவுகளை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நான் வெற்றிலை மடித்துக் கொடுக்கவில்லை. பூமி சுற்றுவதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “சொல்லுங்க அண்ணி,” என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அந்தச் சேலை பிறகு குழந்தைக்குத் தூளியாயிற்று, பிறகு கரித்துணியாயிற்று. எனக்குத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வேலை கிடைத்துப் போனேன். ஆனால் ஒவ்வொரு அறுப்புக்கும் லீவு போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் நிற்பேன். யாராவது வாலாட்டினால் அவளுக்கும் சேர்த்து நான் திட்டுவேன். அவள் குனிந்து அறுத்துக்கொண்டே, “அவன் மாமனாரை விட்டுட்டியே,” என்று மெதுவாக எடுத்துக் கொடுப்பாள்.

இவளைத்தான் பொறுமையின் சிகரம் என்று புறாவோடு சேர்த்து அச்சடித்து மாட்டியிருந்தார்கள்.

காரியத்தன்று பந்தி முடிகிற நேரத்தில் ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். வெள்ளை வேட்டி. குடை இல்லை, கைத்தடி இருந்தது. நீட்டுகிற விதத்தில் அடையாளம் தெரிந்துவிட்டது. அந்த ஏஜெண்ட்தான். எனக்கும் அண்ணன் மகனுக்கும் எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அன்று பக்கத்து வீட்டில் விடப்பட்ட கைக்குழந்தை அவன். இப்போது சிங்கப்பூரில் இன்ஜினியர். அண்ணன் முன்பே போய்விட்டதால் எல்லாப் பொறுப்பும் அவன் தலையில்.

கிழவர் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “தம்பி, உங்கம்மா மாதிரி பொறுமை யாருக்கு வரும்? நாங்கள்லாம் அந்தக் காலத்துல வயசு வேகத்துல என்னென்னமோ பேசிட்டோம். அந்தம்மா ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. அப்பவே எங்கள மன்னிச்சிட்டாங்க. அந்த மனசு யாருக்கு வரும்?”

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மன்னிச்சிட்டேன்னு எப்ப சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“சொல்லணுமாம்மா? அதான் கோவமே படலையே.”

நான் எழுந்துவிட்டேன். அண்ணன் மகன் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் அப்பனின் பிடி அப்படியே இருந்தது. “அத்தை, விடுங்க. வயசானவரு. அமைதியா இருங்க,” என்றான் என் காதருகில்.

நான் அமைதியாகத்தான் இருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அமைதியாக எப்போதும் இருந்ததில்லை. குரலை உயர்த்தாமல், மரியாதை குறையாமல் சொன்னேன்: “ஐயா, எங்க அண்ணி உங்கள மன்னிக்கல. அறுப்பு முடியணும்னு வாயில துணிய அடைச்சிக்கிட்டிருந்தாங்க. அவங்க உங்ககிட்டச் சொல்ல இருந்ததை எங்கிட்ட சொல்லி வச்சிருக்காங்க. ஒரு வார்த்தை விடாம எனக்கு ஞாபகம் இருக்கு.”

கிழவரின் காப்பி டம்ளர் பாதியில் நின்றது.

என் மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்தது. ஆனால் அவன் கையை எடுக்கவில்லை. தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது. அம்மாவைப் பற்றி இத்தனை வருடம் அவனுக்கும் அந்தப் பேனரில் இருந்தது மட்டும்தான் தெரியும்.

“சொல்லுங்க அத்தை,” என்றான்.

நான் சனி மூலையிலிருந்து ஆரம்பித்தேன்.